தேவகிக்குக் கிடைத்த இடம்

1

ஊரில் இருக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே நெதர்லாந்தில் முனைவர் பட்ட ஆய்வு என்பது படிப்பு இல்லை, வேலை. பேராசிரியர் ஒருவருக்கு ஒரு திட்டத்துக்காக நிதி வரும். அந்த நிதியில் நான்கு வருடத்துக்கு ஓர் ஆளை எடுப்பார்கள். விளம்பரம் வரும், விண்ணப்பிக்க வேண்டும், நேர்காணல் உண்டு. எடுத்துக்கொண்டால் மாதச் சம்பளம், விடுப்பு, தனி மேசை, கதவில் பெயர். திருப்பதியில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும்போது இதை யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம்.

பல்கலைக்கழகத்தில் அந்தக் கதவுகளை நான் தினமும் கடந்துதான் போகிறேன். என் வேலை தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும் ஆய்வகத்தில். தண்ணீரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு நைட்ரேட் என்று அளந்து கொடுப்பது. ஆய்வு செய்கிறவர்கள் வேறு, அளக்கிறவர்கள் வேறு.

நான் இங்கே வந்து இந்த மாதத்தோடு பத்து வருடம். கல்யாணமாகி, கணவரின் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவள். கையில் முதல் வகுப்பில் தேறிய எம்.எஸ்ஸி. இருந்தது. வந்த வருடமே விண்ணப்பம் போட்டேன். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் அலுவலகம் என் பட்டத்தை ஒரு படி இறக்கி எழுதிக் கொடுத்தது. இரண்டாவது முறை நேர்காணல் வரை போனேன். மூன்று பேர் வரிசையாகக் கேள்வி கேட்க, தெரிந்த பதிலும் வாயில் வரவில்லை. மூன்றாவது முறை 'தகுதியானவர்கள் பலர் இருந்தார்கள்' என்று இரண்டு வரி. அதன் பிறகுதான் இந்த ஆய்வக வேலை.

பத்து வருடத்தில் என்ன சேர்த்தாய் என்று கேட்டால் பலவற்றைச் சொல்லலாம். நான் இன்று சொல்லப் போவது பொறாமையைப் பற்றி.

2

தேவகியும் நானும் ஒரே ஊர். தடாவுக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில், தெலுங்கு நாட்டு எல்லைக்குள், தடாப் பக்கமாக ஒதுங்கிய ஊர் அது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழும் தெலுங்கும், எம்மார்வோ ஆபீசில், அதாவது தாசில்தார் அலுவலகத்தில், தெலுங்கு மட்டும். எங்களுக்கு நிலமும் கிணறும் மோட்டாரும் இருந்தன. தேவகியின் அம்மா எங்கள் நிலத்தில் கூலிக்கு வருவார். அவர்கள் தெருக்காரர்கள் கிணற்று மேட்டில் ஏறக் கூடாது. மோட்டார் ஓடும்போது தொட்டியில் விழும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளலாம். இதை நான் அப்போது ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

திருப்பதியில் விடுதியில் ஒரே அறை. நான் வகுப்பில் முதல். அவள் நடுவில் எங்கோ இருப்பாள். கடைசிப் பருவத்தில் திட்ட வேலைக்கு எங்கள் ஊர்க் கிணறுகளையே எடுத்துக்கொண்டோம். கடலோர உப்பு ஏரியின் பக்கத்திலிருந்து நிலத்தடியில் உப்பு ஏறி வருகிறதா என்று பார்க்க ஆறு கிணறுகள். துறையிலிருந்து உப்பு அளக்கும் மீட்டரை வாங்கி, காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாக பஸ் மாறி மாறி ஊருக்கு வருவோம். நான்காவது கிணறு எங்களுடையது. அன்றுதான் தேவகி முதல்முறை எங்கள் கிணற்று மேட்டில் ஏறினாள். என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். அப்பா மட்டும், நாங்கள் நைனா என்போம், நின்று பார்த்தார்.

ஐந்து மாதம் அளந்தோம். நோட்டில் என் கையெழுத்து. எனக்கு மதிப்பெண் வந்தது, கொஞ்ச நாளில் கல்யாணமும் வந்தது. நோட்டு தேவகியிடம் இருந்துவிட்டது. அதைப் பற்றி நான் பிறகு நினைக்கவே இல்லை.

அவள் நாயுடுபேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலையில் சேர்ந்தாள். எப்போதாவது போன் செய்வாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் கேட்டாள்:

"அமுதா, உங்க காலேஜ்ல பிஎச்டி எடம் எதனா வந்தா எனுக்குச் சொல்லுடி. சம்பளத்தோட குடுக்கிறாங்களாமே."

"சொல்றேன். ஆனா ரொம்பக் கஷ்டம்டி. எனக்கே கெடைக்கல."

"உனுக்கே கெடைக்கலன்னா எனுக்கு எங்க. சும்மா சொல்லி வெச்சேன்" என்றாள்.

'உனக்கே' என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

3

போன வருடம் பிப்ரவரியில் விளம்பரம் வந்தது. கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறுவது பற்றிய ஆய்வு, தெற்காசியக் களம், நான்கு வருட முழு நிதி. அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியதே நான்தான். ஒட்டும்போது தேவகியின் நினைவு வந்தது. சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். கடைசித் தேதி கடந்ததும், பாவம், சொல்ல மறந்துவிட்டேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. ஒருநாள்கூட மறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அந்தத் திட்டத்தின் பேராசிரியர் மரைக்கே என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷி. நான் ஒரு கூட்டத்தில் உப்பில்லாத தண்ணீரை ஊர் வழக்கத்தில் 'நல்ல தண்ணி' என்று அப்படியே டச்சில் சொல்லிவிட, எல்லோரும் "அப்படியானால் கெட்ட தண்ணீர் எது?" என்று சிரித்தபோது, சிரிக்காமல் இருந்தவர். இங்கே அதை 'இனிப்புத் தண்ணீர்' என்பார்கள்.

"அமுதா, கடைசிச் சுற்றில் இருக்கும் ஒருவர் கையால் எழுதிய நோட்டு ஒன்றை இணைத்திருக்கிறார். உங்கள் மொழி என்று நினைக்கிறேன். எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் எழுதித் தர முடியுமா? இந்தப் பகுதி உங்களுக்குத் தெரியுமா?"

கோப்பைத் திறந்தேன். முதல் பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது.

புரட்டினேன். ஆறாவது மாதத்திலிருந்து தேவகியின் கையெழுத்து. பிறகு பக்கம் பக்கமாக அவளேதான். மாதம் ஒரு ஞாயிறு. ஆறு கிணறு. பத்து வருடத்துக்கு மேல். மாதம் ஒன்றுகூட விடுபடவில்லை. எங்களுடைய கிணற்றுக்கு நேராக ஒவ்வொரு பக்கத்திலும் 'கிணறு 4, அமுதா வீடு' என்று எழுதியிருந்தாள்.

"பகுதி தெரியும்" என்றேன். "எங்கள் பக்கம்தான்."

அவளைத் தெரியும் என்று சொல்லவில்லை.

4

என் மேசைக்கு வந்து உட்கார்ந்தபோது எனக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். அது என் நோட்டு. என் கிணறு. எங்கள் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போன வீட்டுப் பெண், எனக்கு மூடிய கதவுக்குள் போகப் போகிறாள். நான் அவளுடைய பாட்டில்களைக் கழுவ வேண்டும். இவ்வளவு படித்தவளுக்குள் இப்படி ஒரு நினைப்பு உட்கார்ந்திருக்கிறதே என்று கூசியது. கூசியும் அது போகவில்லை.

எண்களை அப்படியே தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அவள் குறிப்பு எழுதியிருந்தாள். தமிழும் தெலுங்கும் கலந்து, பொடி எழுத்தில். அதைப் படிக்காமலே, 'கடைசிப் பத்தியில் இருப்பவை சொந்தக் குறிப்புகள். ஆய்வுக்குத் தொடர்பில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். களத்தில் அளந்த எந்த எண்ணும் குறிப்பில்லாமல் பாதி உயிரோடுதான் இருக்கும். தண்ணீர் அளந்து சம்பளம் வாங்கும் எனக்கு அது தெரியாதா?

மூன்றாம் நாள் மரைக்கே பதில் எழுதினார். 'நன்றி. ஒரு சிக்கல். நான்காவது கிணற்றில் உப்பு வருடாவருடம் ஏறிக்கொண்டே வந்து, ஒரு மாதத்தில் திடீரென்று பாதியாகக் குறைகிறது. விளக்கம் எதுவும் இல்லை. மீட்டர் பழுதா, கவனக்குறைவா தெரியவில்லை. பாவம், மற்றபடி அருமையான உழைப்பு.'

அந்தப் 'பாவம்' என்ற சொல்லைப் படித்ததும் என் மார்பில் ஒரு சுகம் பரவியது. அன்று மதியம் உணவறையில் யாரோ சொன்ன சாதாரண ஜோக்குக்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன்.

ஆனால் அந்த நான்காவது கிணறு எங்களுடையது. உப்பு ஏறிக்கொண்டே வந்தது என்கிறாரே. நைனா ஒவ்வொரு ஞாயிறும் போனில் "எல்லாம் நல்லாத்தான் கீதும்மா" என்றல்லவா சொல்கிறார்? எண்களைத் தட்டச்சு செய்தபோது அவை எனக்கு வெறும் எண்களாக இருந்திருக்கின்றன. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் கோப்பைத் திறந்து அந்த மாதத்தின் குறிப்பைப் படித்தேன்.

'மோட்டாரைக் கழட்டிட்டாங்க. வாளியில சேந்தி எடுத்தது. மேல்தண்ணியில உப்பு கம்மியாத்தான் காட்டும். முந்தின அளவோட இதைச் சேத்துப் பாக்கக் கூடாது.'

அடுத்த மாதம்: 'பாட்டில்ல கல்லு கட்டி அடிவரைக்கும் எறக்கி எடுத்தேன். அடியில உப்பு அப்படியேதான் கீது. இனிமே அடி அளவையும் இங்கயே குறிப்புல எழுதணும்.'

அதற்கு அடுத்த மாதம்: 'பெரியவர் இந்தப் பட்டம் நெல்லு வெக்கல. குடிச்சுப் பாருன்னு சொன்னார். வாயில வெக்க முடியல.'

பெரியவர் என்று அவள் எழுதியிருப்பது என் நைனாவை.

5

ஆய்வகத்துக்கு வெளியே வாய்க்கால் ஓரம் நின்று போன் செய்தேன். ஊரில் அப்போது சாயங்காலம்.

"நைனா, கெணத்துல மோட்டார் கீதா?"

"உனுக்கு யாரு சொன்னது? தேவகியா?"

"அவ ஒண்ணும் சொல்லல. எத்தினி நாளாச்சி?"

"மூணு வருசம் ஆவுது. உப்புத் தண்ணிக்கு மோட்டார் எதுக்கு, கழட்டிப் போட்டேன். நீ அங்க குளுர்ல வேலை செஞ்சிக்கினு கீறே, உன்கிட்ட இன்னாத்துக்குச் சொல்லிக்கினு. அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் கேட்டுக்கினேன்."

"அப்ப குடிக்க?"

"கேன் தண்ணி வருது. எம்மார்வோ ஆபீசுக்கு மனு எழுதிக் குடுத்ததே தேவகிதான். தெலுங்குல எழுதணும் இல்ல? நாலு வாட்டி கூட்டிக்கினு போச்சி. பைப்பு போட்டுக் குடுக்கறோம்னு சொல்லிக்கீறாங்க." பிறகு, "அந்தப் பொண்ணு மாசாமாசம் வந்து கெணத்த எட்டிப் பாக்கறது எனுக்கு ஒரு தெம்பும்மா" என்றார்.

போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வரவில்லை. அதற்கும் பொறாமைதான் வந்தது. என் அப்பாவுக்குத் தெம்பாக நான் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை மரைக்கேயின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவளைத் தெரியும் என்பது, முதல் பக்கங்கள் என் கையெழுத்து என்பது, குறிப்புகளை வேண்டுமென்றே விட்டது. டச்சில் ஆரம்பித்து, தடுமாறி, ஆங்கிலத்துக்கு மாறினேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் சுட்டது. குறிப்புகளை வெளியே ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார்கள். இந்தத் தேர்வில் நான் எதையும் தொடக் கூடாது என்று எழுத்தில் வந்தது. அந்தக் கடிதம் என் கோப்பில் இருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து, ஆய்வகத்தில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அமுதா! எனுக்குக் கெடைச்சிட்ச்சிடி! உங்க காலேஜுதான்! யாரோ வாட்ஸாப் குரூப்புல போட்டிருந்தாங்க, சும்மா போட்டுப் பாத்தேன். உன் பேரச் சொல்லிக்கினு வந்தேன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு உன்கிட்டகூடச் சொல்லல. கோச்சிக்காத."

"ரொம்ப சந்தோஷம்டி" என்றேன். கை முழுக்க சோப்பு நுரை.

6

செப்டம்பரில் வந்தாள். வருவதற்குள் பெரும் பாடு. தெலுங்கு நாட்டுப் பள்ளிக்கூடத்தில் சேரும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வாத்தியார் எதையோ எழுதி வைத்திருக்கிறார். பிறப்புச் சான்றிதழில் அது இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியவேட்டுக்கும் திருப்பதிக்கும் அலைந்து சான்று வாங்கினாள். என் கதையும் அதுதான். நைனாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. இந்த ஊர் நகராட்சிக் கடிதம் எல்லாம் 'திருமதி முனுசாமி அவர்களுக்கு' என்றுதான் வருகிறது.

வாடகைக்கு அறை கிடைப்பது இங்கே அவ்வளவு லேசில்லை. கிடைக்கும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகள், யாழினி. நான் தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்வாள். என் டச்சைத் திருத்துவாள், அதுவும் கடையில், மற்றவர்கள் முன்னால். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இரண்டு வருடம் இழுத்துக்கொண்டு போய் ஓய்ந்துவிட்டேன். தேவகிக்கு டச்சு ஒரு வார்த்தை தெரியாது. அதனால் அவளிடம் யாழினி தமிழில்தான் பேசியாக வேண்டியிருந்தது. இரண்டாவது வாரம் நான் சமையலறையில் இருந்தபோது கூடத்திலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது.

"அத்தை, நீ துன்னியா?"

"துன்னுட்டேன்டி கண்ணு. நீ துன்னு."

நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன். பத்து வருடமாக நான் தட்டிய கதவு அவளுக்குத் திறந்தது, சரி. என் வயிற்றில் பிறந்தவளின் வாயையும் அவளே திறக்க வேண்டுமா?

அந்த ஞாயிறு, யாழினி அவள் அப்பாவோடு நீச்சலுக்குப் போயிருந்த நேரத்தில், தேவகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் மறைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அல்ல. அவள் என் வீட்டில் இவ்வளவு நிம்மதியாக இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"வெளம்பரத்த நீ பாத்திருப்பேன்னு தெரியும்" என்றாள். "நீ சொல்லுவேன்னு நெனச்சேன். அப்புறம் நீயே அப்ளிகேஷன் போட்டிருப்பேன்னு நெனச்சி கேக்காம விட்டுட்டேன்."

குறிப்புகளைப் பற்றிச் சொன்னபோதுதான் அவள் முகம் மாறியது. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"சொந்தக் குறிப்பா? பத்து வருசம்டி. எங்கம்மா செத்துப் பதினோராம் நாளு, தலைக்கு ஊத்திக்கினு போயி ஆறு கெணத்தையும் அளந்துட்டு வந்தேன். லீவு இல்லாத வேலை. எனுக்குன்னு இருந்த ஒரே ஞாயித்துக்கெழமைய அதுல போட்டேன். அதப் போயி சொந்தக் குறிப்புன்னு எழுதிக் குடுத்துட்டியா?"

"தப்புதான்டி."

"உங்க கெணத்து மேட்டுல ஏறினப்ப உங்கம்மா மொகத்தத் திருப்பிக்கினாங்க. நீ பரவால்ல, நீ பக்கத்துல நின்னேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நான்கு நாளில் வேறு ஒரு பெண்ணோடு பங்கு போட்டுக்கொள்ளும் அறை ஒன்றைப் பிடித்துப் போய்விட்டாள். யாழினியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள்.

7

ஒரே தாழ்வாரம். தினமும் பார்த்துக்கொள்வோம். காலையில் தலையசைப்பு, வேலை சம்பந்தமாக இரண்டு வார்த்தை, அதுவும் ஆங்கிலத்தில். அவள் கதவில் பெயர் வந்தது. குடும்பப் பெயரையும் சேர்த்து நீளமாக. அந்தக் கதவைக் கடக்கும்போது நான் இன்னும் வேகமாகத்தான் நடக்கிறேன்.

ஜனவரியில் களவேலைக்கு ஊருக்குப் போனாள். நைனா வீடியோவில் கூப்பிட்டபோது அவள் எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. டீயைக் கொண்டுவந்து வைத்தது என் அம்மா. எனக்கு விடுப்பு இல்லை. ஐந்து வருடமாகப் போகவில்லை.

அவள் திரும்பி வந்த இரண்டு வாரத்தில் தண்ணீர்ப் பாட்டில்கள் சரக்கு விமானத்தில் வந்து சேர்ந்தன. எங்கள் ஆய்வகத்தில் அளக்கிறவர்கள் இரண்டு பேர், நானும் பீட்டரும். அவள் பீட்டரிடம்தான் கொடுப்பாள் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெட்டியை என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

"பீட்டர் ஃப்ரீயாத்தான் கீறாரு" என்றேன். வாயில் தானாக ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"தெரியும். நீயே பண்ணு."

"என்ன நம்புறியா?"

"நீ டைப் பண்ணி அனுப்புனியே, அத மரைக்கேகிட்ட கேட்டு வாங்கினேன். என் நோட்ட பக்கத்துல வெச்சி, மொத மாசத்துல இருந்து ஒண்ணொண்ணா பாத்தேன். நாலு நாளு ஆச்சி. குறிப்ப விட்டே. ஆனா ஒரு நம்பரக்கூட நீ மாத்தல." பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "அவ்ளோ வயித்தெரிச்சல்லயும் மாத்தல. அதனாலதான் கொண்டாந்தேன். வேற ஒண்ணுத்துக்கும் இல்ல."

போய்விட்டாள். நான் கையுறை போட்டுக்கொண்டு மீட்டரைச் சரிபார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, இரண்டு இரண்டு முறை அளந்தேன். சாயங்காலம் அறிக்கைத் தாளை நிரப்பினேன். 'ஆய்வாளர்' என்ற கட்டத்தில் அவள் பெயரை முழுதாக, ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதினேன். எழுதும்போது வலித்தது. 'அளந்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவள் அறைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.